தோளில் விழுந்த வெள்ளை

சொத்தென்று அது வலது தோளில் விழுந்தபோது அலிஸ்டருக்குக் கோபம் வரவில்லை. பரவசம் வந்தது.

டோரன் ஏரியைச் சுற்றி ஓடும் சின்னப் பேருந்துக்கு அவன்தான் ஓட்டுநர். ஏப்ரல் மாதத்து ஈரக் காலை... கரையோரப் பைன் மரத்தின் உச்சியில் ஏதோ அசைவதுபோல் தெரிந்தது. வண்டியை ஓரங்கட்டி, பயணிகளை அப்படியே விட்டுவிட்டு, மரத்தடிக்குப் போய் நின்றான். விழுந்ததை விரலால் தொட்டுப் பார்த்தான். வழவழவென்று வெள்ளை. அவ்வளவுதான், ஓடி வந்து படியில் ஏறினான்.

“வந்தாச்சு... விராலடிப்பான் வந்தாச்சு. என் தோள்லயே கையெழுத்துப் போட்டிருக்கு, பாருங்க.”

அந்த ஏரியில் விரால் மீன் ஒன்றுகூடக் கிடையாது. டிரௌட் மீன்தான். ஆனாலும் தண்ணீருக்குள் காலை விட்டு மீனைத் தூக்கும் அந்தப் பருந்துக்கு நம் பெயர் அதுதான். குளிர்காலம் முழுக்க ஆப்பிரிக்காவில் வெயில் காய்ந்துவிட்டு, வசந்தத்தில் ஸ்காட்லாந்துக்குத் திரும்பும். கில்டோரன் ஊர்க்காரர்கள் அந்தப் பைன் மரத்தில் அதற்காகவே ஒரு கூடு கட்டி வைத்து, இரண்டு வசந்தங்களாகக் காத்துக் கிடந்தார்கள்.

பேருந்து ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் சேதி ஊர் முழுக்கப் பரவியது. ரொட்டிக் கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். தொலைநோக்கிகள் முக்காலியோடு வந்தன. எல்லோரும் மரத்தடியில் கழுத்தை வளைத்து நிற்க, உச்சியிலிருந்து இறங்கி வந்தது... ஒரு ஜோடி பூட்ஸ். அப்புறம் கயிறு. அப்புறம் இடுப்பில் தொங்கும் பெயிண்ட் டப்பா, தூரிகை. கடைசியாக, தலைக்கவசத்துக்குள் அடங்காத செம்பட்டை முடியும், மழைக்கு முந்தைய ஏரி நிறத்தில் இரண்டு கண்களும்.

இஷ்பெல். மரமேறிக் கிளை கழிப்பது அவள் தொழில். அந்தக் கூட்டைக் கட்டியவளும் அவள்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விராலடிப்பானுக்கு ஆள் குடியிருந்த வீடுதான் பிடிக்கும். அது கூட்டுக்குள் அசிங்கம் பண்ணாது. விளிம்புக்கு வந்து, திரும்பி நின்று, வாலைத் தூக்கி வெளியே பீய்ச்சும். அதனால் பழைய கூட்டைச் சுற்றிக் கிளையெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தெறித்திருக்கும். வானத்திலிருந்து பார்க்கும் பறவைக்கு, இங்கே யாரோ சௌகரியமாக வாழ்ந்திருக்கிறார்கள் என்பதற்கு அதுதான் அடையாளம். ஆகவே புதுக் கூடு கட்டுகிறவர்கள் குச்சி அடுக்கி, பாசி பரப்பி, கடைசியில் வெள்ளைப் பெயிண்டை அள்ளித் தெளித்துவிடுவார்கள்; மங்கினால் மறுபடியும் தெளிப்பார்கள். கில்டோரனில் இது எல்லோருக்கும் தெரியும். போன இலையுதிர் காலத்தில் ஆர்க்னித் தீவிலிருந்து வேலைக்கு வந்த அலிஸ்டருக்கும் தெரியும். தெரிந்தும் மறந்ததுதான் வேதனை.

இஷ்பெல் காதடைப்பைக் கழற்றினாள். கூட்டத்தைப் பார்த்தாள். அவன் தோளைப் பார்த்தாள். விஷயம் புரிந்ததும், மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நிறுத்த முடியாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அழகான சிரிப்பு. தன்னைப் பார்த்து என்றில்லாவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டிருக்கலாம் என்று அலிஸ்டருக்குத் தோன்றியது...

அதற்குப் பிறகு ஊர் அவனை விடவில்லை. ஏறுகிற ஒவ்வொருவரும் தோளை நலம் விசாரித்தார்கள். ஒரு கிழவர் டிக்கெட் வாங்கிக்கொண்டே அவன் தலைக்கு மேல் குடை பிடித்தார். முன்பெல்லாம் வெளியூர்க்காரர்கள் விராலடிப்பானை எங்கே, எப்போது பார்க்கலாம் என்று கேட்டால் அலிஸ்டருக்கு வாய் மூடாது. ஏப்ரலில் ஆண் முதலில் வரும், பெண் சில நாள் பிந்தும். ஆகஸ்ட் முடிவதற்குள் எல்லாம் கிளம்பிவிடும். குஞ்சுகள் பசித்துக் கத்தும் ஜூலையில் வந்தால் மீன்பிடிப்பை நன்றாகப் பார்க்கலாம். விடிந்ததும் படகுத்துறையில் நில்லுங்கள், காற்றில்லாத நாளாகப் பாருங்கள், அலை இல்லாவிட்டால்தான் அதற்கு மீன் தெரியும்... இப்படியே இறங்கும் இடம்வரை விளக்குவான். இப்போது யார் கேட்டாலும், தெரியாதுங்க, என்பதோடு சரி.

இஷ்பெலின் அப்பா டூகல்ட் தினமும் முன்னிருக்கையில் உட்கார்ந்து வருகிறவர். மறுநாளே ஒரு தின்னர் பாட்டிலைக் கொண்டுவந்து ஸ்டியரிங் பக்கத்தில் வைத்தார். மகள் கொடுத்தனுப்பினாளாம், கோட்டுக் கறை போக. வேறு ஏதாவது சொன்னாளா என்று அலிஸ்டர் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால் அவளே வரட்டுமே. அவன் முகத்தை உம்மென்று வைத்திருக்கும்வரை தானாகப் போய்ப் பேசுவதாக இல்லை என்பது அவள் கட்சி. இரண்டையும் டூகல்ட் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சுமந்து சலித்துப்போனார்.

அவர்தான் இதையும் சொன்னார். இந்த வசந்தமும் கூடு காலியாகவே இருந்தால் இஷ்பெல் கிளாஸ்கோ போகிறாள். அங்கே தெருமரம் வெட்டும் வேலை தயாராக இருக்கிறது.

அன்றிலிருந்து அலிஸ்டர் பைன் மரத்தைப் பார்ப்பதில்லை என்று சபதம் செய்தான். தினமும் பார்த்தான்.

ஏப்ரல் முடியப் போகிறது. மழை. நிறுத்தத்தில் டூகல்டோடு இஷ்பெல் பெரிய பையுடன் நின்றாள். இமைகளில் மழைத்துளி. ரயில் நிலையத்துக்கு ஒரு டிக்கெட், போவதற்கு மட்டும், என்றாள். அலிஸ்டர் கொடுத்தான். கடைசி இருக்கைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். இன்னும் ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே... என்ன வார்த்தை?

சாலை வளைந்தது. பைன் மரம் வந்தது.

கூட்டின் விளிம்பில் வெள்ளை மார்பு. பழுப்பு முதுகு. கண்ணுக்கு மை தீட்டிக் கழுத்துவரை இழுத்துவிட்டாற்போல் கறுப்புக் கோடு. பழைய பறவைகள் முதலிலேயே வந்து சொந்த வீட்டைப் பிடித்துக்கொள்ளும். வீடு தேடும் இளவட்டங்கள் இப்படித்தான் தாமதமாக வரும். அலிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்ப்பதற்குள் அது கூட்டுக்குள் பதுங்கிவிட்டது.

சொன்னால் சாகும்வரை ஊர் சிரிக்கும். சொல்லாவிட்டால் ரயில் அவளைக் கொண்டுபோய்விடும்.

பிரேக்கை மிதித்தான்.

“இஷ்பெல், மேல பாருங்க. வந்திருக்கு.”

பேருந்தில் ஒரே முனகல். யாரோ கூரை ஒழுகுகிறதா என்று கேட்டார்.

“பழி வாங்குறீங்களா?” என்றாள் இஷ்பெல், எழுந்திருக்காமலே.

“இல்ல.”

“அங்க ஒண்ணும் தெரியல. வண்டிய எடுங்க, ரயில் போயிடும்.”

“எடுக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டு இறங்கினான். மழையில், அதே மரத்தடியில், அதே இடத்தில் போய் அண்ணாந்து நின்றான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. எல்லோரும் சன்னலில் மூக்கை அழுத்திப் பார்த்தார்கள்.

சொத்.

இந்த முறை இடது தோள்.

பேருந்தில் யாரும் சிரிக்கவில்லை. டூகல்ட் மெதுவாகத் திரும்பி மகளைப் பார்த்தார்.

“ஏம் கண்ணு... நீ இங்கதான இருக்க? அப்ப மேல யாரு?”

இஷ்பெல் இறங்கி ஓடிவந்தாள். அவன் இடது தோளருகே குனிந்து முகர்ந்தாள். பெயிண்ட் வாசனை இல்லை. மீன் நாற்றம்... குடலைப் புரட்டும் அசல் மீன் நாற்றம். உலகத்து மல்லிகையெல்லாம் பூத்ததுபோல் அவள் முகம் மலர்ந்தது. நிமிர்ந்தபோதுதான் வலது தோளில் அந்தப் பழைய வெள்ளை அப்படியே காய்ந்திருப்பதைப் பார்த்தாள்.

“தின்னர் குடுத்தனுப்பினேனே?”

“வந்துச்சு.”

“பத்தலையா?”

“திறக்கவே இல்ல.”

“ஏன்?”

அலிஸ்டர் மரத்தைப் பார்த்தான். ஏரியைப் பார்த்தான். எதுவும் கை கொடுக்கவில்லை. மேலே விளிம்பில் ஒரு தலை எட்டிப் பார்த்து, கீச்சென்று திட்டியது. இஷ்பெல் சட்டென்று அவன் கையைப் பிடித்து நாலடி பின்னால் இழுத்தாள். இழுத்த கையை விட மறந்துபோனாள்.

“அன்னைக்கு நான் அப்படிச் சிரிச்சிருக்கக் கூடாது,” என்றாள்.

“என்னை நானே பாத்திருந்தா நானும் சிரிச்சிருப்பேன்.”

ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலைப் பற்றி யாரும் பேசவில்லை.

மே மாதத்தில் பெண் பறவை வந்தது. கூட்டில் உட்கார்ந்து, பிடிக்காதவள்போல் வேறு பக்கம் பார்த்தது. ஆண் மீன் கொண்டுவர வேண்டும். பெண் அதை வாங்கித் தின்றால் சம்மதம். ஊரே தொலைநோக்கி வழியாக மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனித்தது. ஆண் மீனோடு வந்தது. பெண் வாங்கிக்கொண்டது.

அன்று மாலை இஷ்பெல் ஏரிக்கரை பெஞ்சில் தனியாக இருந்தாள். அலிஸ்டர் வந்தான். இரண்டு தோளிலும் வெள்ளை வைத்த அதே கோட்டு. கையில், காகிதத்தில் சுற்றிய பொரித்த மீனும் உருளைக்கிழங்கு வறுவலும். அவளிடம் நீட்டினான்.

அவள் பிரித்துப் பார்த்தாள்.

“தலையக் காணோமே?”

“ஆம்பளைப் பறவை தலைய வழியிலயே தின்னுட்டு மிச்சத்தத்தான் கொண்டுவரும். உனக்குத் தெரியாததா?”

“வறுவலும் கொறையுதே.”

“தூரம் ஜாஸ்தி... பசிச்சுது.”

இஷ்பெல் வேறு பக்கம் பார்த்தாள். பிடிக்காதவள்போல், கொஞ்ச நேரம். அலிஸ்டர் தன் வலது தோளைத் தொட்டுக்கொண்டான்.

“அந்தக் கறைய ஏன் வச்சிருக்கேன்னு கேட்டல்ல? நீ போட்டது, அதான். உன்னை எனக்கு அவ்வளவு பிடிச்சிருக்கு, இஷ்பெல். மரத்து மேலேர்ந்து அந்த பூட்ஸ் இறங்கினப்பவே...”

அவளால் பதில் சொல்ல முடியவில்லை. வாய் நிறைய மீன்.

மென்று விழுங்கிவிட்டு, பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து, அவனுக்கு இடம் விட்டாள். வலது பக்கம் அல்ல. பெயிண்ட் இருக்கிற தோள் தன் பக்கம் வரும்படி, இடது பக்கம்.