இறால் மேயும் பக்கம்

கண்ணாடித் தொட்டிக்குள் பாசியை இடப்பக்கம் வைத்தால் இறால்கள் வலப்பக்கம் போய் நின்றன. மேய்வதற்கென்றே மரக்கட்டையில் நூலால் சுற்றிய பாசி, நாள்கணக்கில் பழகவிட்ட தண்ணீர், கறுப்பு மண்ணில் இடுக்கியால் ஊன்றிய செடிகள், எல்லாவற்றையும் விட்டுவிட்டு அத்தனை சிவப்புக் குட்டி இறாலும் ஒரே கண்ணாடியோரம் ஒட்டிக்கொண்டு, பொடிக் கால்களால் வெறும் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கணவரின் நாற்காலி இருந்தது.

"திமிர் பிடிச்சதுங்க," என்றாள் அவள்.

"விடேன், அதுங்க இஷ்டம்," என்றார் அவர், தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தொட்டியே அவருக்காகத்தான். நெஞ்சுவலியில் விழுந்து, மூச்சு நின்று, டாக்டர்கள் கைவிரித்த பிறகு தானாகவே கண் திறந்த மனிதர். வீடு திரும்பியதிலிருந்து அதட்டுவதில்லை, பசி என்பதில்லை, உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். கண்ணெதிரே ஏதாவது அசைந்துகொண்டிருந்தால் மனசு தேறும் என்றார்கள். தையல் மெஷினை மூலைக்குத் தள்ளிவிட்டு அவள் தொட்டி வைத்தாள். பழைய மனிதர் திரும்பி வந்துவிட வேண்டும், அவளுக்கு வேறொன்றும் வேண்டாம். அவர்மேல் எரிந்து விழ மனசு வராததால் எரிச்சல் மொத்தமும் தொட்டிமேல் விழுந்தது.

எரிச்சலுக்கா பஞ்சம்? மண்ணை எத்தனை அலசியும் கலங்கல் அடங்கவில்லை. ஊன்றிய செடி கையை எடுப்பதற்குள் வேரோடு மிதந்து மேலே வந்தது. ஃபில்டர் தொண்டை கட்டிக்கொண்டு கரகரத்தது. போதாததற்கு அந்த வாடை. வாடிய பூவும் காயாத துணியும் சேர்ந்தாற்போல, லேசான இனிப்போடு, கூடம் முழுக்க. தண்ணீரை மாற்றினாள், ஃபில்டர் பஞ்சைப் பிழிந்தாள், அழுகிய இலைகளைக் கிள்ளிப் போட்டாள். குனிந்து தொட்டியை முகர்ந்தால் ஈரமண் வாசனைதான் வந்தது. நிமிர்ந்தால் மறுபடி வாடை.

அன்று சாயங்காலம் பொறுமை போய், நாற்காலியை இடப்பக்கத்துக்கு இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தாள். ஜன்னல் வெளிச்சம் மங்க மங்க, தொட்டி விளக்கின் பச்சை மட்டும் தரையில் ஆடியது. அவள் பார்க்கப் பார்க்க இறால்கள் ஒவ்வொன்றாக வலக்கண்ணாடியை விட்டு இறங்கின. மண்மேல் நடந்தன. பாசியின்மேல் ஏறிக் கடந்தன, ஒரு வாய்கூட வைக்காமல். அவர் பக்கம் வந்து நின்றன.

தொட்டி வாங்கிய கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"தண்ணில ஏதாவது கோளாறா? எல்லாம் ஒரே பக்கமா போய் நிக்குது."

"இரை வாசம் எங்க வருதோ அங்க ஓடும்மா."

"இரையா? அங்க எங்க வீட்டுக்காரர்தான் உக்காந்திருக்கார். கடிச்சு வைக்குமா?"

கடைக்காரர் சிரித்தார். "கைய விட்டா சும்மா தடவிப் பார்த்துட்டுப் போயிடும். உயிரோட இருக்கறத அது திங்காதும்மா. செத்ததத்தான் திங்கும்."

போனை வைத்துத் திரும்பினாள். நாற்காலியில் அவர் இல்லை.

தொட்டியருகே நின்றிருந்தார். முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டு, மிதந்து வந்த செடியை மறுபடி ஊன்றிக்கொண்டிருந்தார்.

"பாவம், நீ எத்தனை தடவதான் நடுவ," என்றார்.

விரலில் ஒரு இறால் ஏறியது. பிறகு இன்னொன்று. பிறகு மொத்தமும். கை சிவப்பாக மூடிக்கொண்டது. அந்தச் சிவப்பு அசைந்தது. சுற்றிலும் தண்ணீரில் என்னவோ வெள்ளையாக, துணுக்குத் துணுக்காக மிதந்தது.

"கைய எடுங்க!"

"ஏன்? ஒண்ணும் தெரியலையே."

அவள் தண்ணீருக்குள் கையை விட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். இறால்கள் அவள் விரல்களை மீசையால் தடவிப் பார்த்தன. விலகின. அவர் கைக்கே திரும்பின.

இழுத்தாள். பிடித்த இடத்தில் தோல் கழன்று நழுவியது.

அவர் விரல்கள் திரும்பி அவள் விரல்களைத் தேடின. கோத்துக்கொண்டன. இறுகின.

"உன் கை எவ்வளவு சூடா இருக்கு," என்றார், பழைய மனிதரைப் போலவே சிரித்துக்கொண்டு.

கீழே, பச்சை வெளிச்சத்தில், அவள் விரல்களுக்கிடையே இறுகிக் கிடந்த விரல்கள் சதையே இல்லாமல், வெள்ளை வெளேரென்று, சுத்தமாக இருந்தன.