மூன்று இடத்தில் மெத்தனம்

தம்பியின் அலறல் மாடிப்படி வரைக்கும் கேட்டது.

பள்ளிக்கூடப் பையோடு மூச்சிரைக்க ஏறி வந்த அவனுடைய அக்கா, கடைசி ஆறு படிகளை மூன்றே எட்டில் தாண்டி, ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டுக்குள் ஓடினாள். ஜன்னலோரக் கட்டிலில் தம்பி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்றவர் வழக்கமாக வரும் நர்ஸ் இல்லை. யாரோ புதியவர். ஊசியைத் தட்டில் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார்.

"ஊசி அக்கா எங்கேம்மா?" என்று கேட்டாள்.

அம்மா தம்பியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

இந்தப் பெண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். வயது பதினொன்று. பள்ளியில் எல்லோரும் அவளை ‘அகராதி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அகராதி என்றால் சொற்களுக்குப் பொருள் சொல்லும் புத்தகம். தலைக்கனம் பிடித்தவர்களையும் அகராதி என்று சொல்வதுண்டு. நம் ஆள் முதல் பொருளை மட்டும் வாங்கிக்கொண்டு, இரண்டாவதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அவளிடம் ஒரு நீல நோட்டு இருந்தது. செய்தித்தாளிலோ சுவரொட்டியிலோ பெரிய சொல்லாக ஒன்று கண்ணில் பட்டால் உடனே அதில் ஏறிவிடும். சொல் மட்டும்தான் ஏறும், பொருள் ஏறாது. சொல்லின் முகத்தைப் பார்த்தாலே பொருள் தெரிந்துவிடும் என்பது அவள் கட்சி. வீட்டில் பேசுகிற சொற்களை எழுத்தில் சேர்க்க அவளுக்குக் கூச்சம். ‘மழை பெய்தது’ என்று எழுத மாட்டாள். ‘வானம் தன் கொடையை வாரி வழங்கியது’ என்று எழுதினால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். போன மாதம் கட்டுரை நோட்டில் தமிழ் டீச்சர் சிவப்பு மையில் ‘எனக்கே புரியவில்லை’ என்று எழுதியிருந்தார். அதைப் பெரிய பாராட்டு என்று நினைத்து அப்பாவிடம் காட்டி மகிழ்ந்தாள்.

தம்பிக்கு வயது ஆறு. சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலில் பட்ட காயம் சீழ் பிடித்துவிட்டதால், பத்து நாளைக்குக் காலையும் மாலையும் ஊசி. முதல் நாள் அவன் போட்ட கூச்சலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. இரண்டாம் நாள் ஊசி அக்கா வந்தார். அன்றிலிருந்து ஊசி போட்டது தெரியாமல் அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பான்.

அந்த நர்ஸ் அங்கே தற்காலிக வேலையில்தான் இருந்தார். இந்த வாரம் அவரை நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் அனுப்பிவிடுவார்கள். இதை அவர் அம்மாவிடம் சொன்னபோது அகராதியும் கேட்டுக்கொண்டிருந்தாள். வார்டு வாசலில் ஒரு கருத்துப் பெட்டி தொங்கியது. அவளுக்குக் கை சும்மா இருக்குமா? மூன்று நாளைக்கு முன்னால், யாரிடமும் சொல்லாமல் ஒரு கடிதம் எழுதி அதற்குள் போட்டுவிட்டாள். தன் வாழ்நாளிலேயே மிகச் சிறந்த கடிதம் அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. அது இதுதான்:

‘மாண்புமிகு மருத்துவமனைப் பெருந்தகையீர்! குழந்தைகள் பிரிவின் செவிலியர் தம் பணியை மெத்தனமாக ஆற்றி வருகிறார். ஊசியையும் மெத்தனமாகவே செலுத்துகிறார். மெத்தனமே அவர்தம் அணிகலன். இத்தகையவரை நீவிர் என்ன செய்ய வேண்டும் என்பதை நீவிரே அறிவீர். இவண், ஒரு நலம்விரும்பி.’

மெத்தனம் என்ற சொல் அவளுக்குக் கிழிந்த செய்தித்தாள் ஒன்றில் கிடைத்தது. மெத்தை, மெத்தென்று, மெத்தனம். மூன்றும் ஒரே குடும்பம்தானே என்று முடிவு கட்டிவிட்டாள்.

தம்பியின் தேம்பல் அடங்கியதும் அம்மா வாய் திறந்தாள்.

"யாரோ பெட்டியில லெட்டர் போட்டிருக்காங்களாம். மெத்தனமா வேலை பாக்குறாங்கன்னு. அஞ்சு மணிக்குப் பெரிய நர்ஸ் மேட்ரன் ரூம்ல விசாரணை. அந்தப் பொண்ணு காலையிலேருந்து அழுதுகிட்டு இருக்கு."

அகராதிக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது. அழுகை எதற்கு என்பதுதான் விளங்கவில்லை.

"மெத்தனம்னா நல்லதுதானேம்மா?"

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எதுடி நல்லது? அசட்டையா, ஏனோதானோன்னு வேலை பாக்குறதுக்குப் பேர்தான் மெத்தனம். போன வாரம் கீழ் வார்டுல சலைன் பாட்டில் தீர்ந்துபோனதைக்கூட யாரும் கவனிக்கல. அதிலேருந்து எல்லாரும் பயந்து கிடக்காங்க. இந்த நேரத்துல இப்படி ஒரு லெட்டர் வந்தா சும்மா விடுவாங்களா?"

அகராதி கடிதத்தின் வரிகளை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கு முப்பத்தைந்து.

கடிதத்தில் பெயர் இல்லை. அவள் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. திறந்தால் எதிர்க் கட்டில் வரைக்கும் கேட்கும். அங்கே படுத்திருக்கும் குழந்தையின் அக்கா அவள் வகுப்பில்தான் படிக்கிறாள். நாளைக் காலை மணி அடிப்பதற்குள் அகராதிக்கு ஒரு சொல்லின் பொருள் தெரியாத கதை பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிடும். இதை நினைக்கவே அவளுக்கு முகம் சுட்டது. ஆனால் ஊசி அக்கா அழுதுகொண்டிருக்கிறார் என்பது அதைவிட அதிகமாகச் சுட்டது.

"அம்மா, அந்த லெட்டரை எழுதினது நான்தான்" என்றாள்.

அம்மா திட்டுவாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். அம்மா திட்டவில்லை. கடிகாரத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு, தம்பியைத் தனியே விட்டுவிட்டுத் தன்னால் வர முடியாது, நீதான் போய்ச் சொல்ல வேண்டும் என்று மெல்லிய குரலில் சொன்னாள்.

சும்மா போய் நின்றால் நம்புவார்களா? இன்னொரு கடிதம் எழுதிவிட வேண்டும் என்று அகராதிக்குத் தோன்றியது. பையிலிருந்து தாளை எடுத்தாள். ‘மாண்புமிகு’ என்று ஆரம்பித்தாள். பேனா நின்றுவிட்டது. இதற்காவது நான் நினைக்கிற பொருள்தானா? அடித்தாள். ‘அன்னார்’ என்று எழுதினாள். அதையும் அடித்தாள். நீல நோட்டைப் புரட்டினாள். நேற்று வரைக்கும் உறவுக்காரர்கள் மாதிரி இருந்த சொற்களெல்லாம் இப்போது முன்பின் தெரியாதவர்களாகப் பார்த்தன. ஒன்றைக்கூடத் தொடப் பயமாக இருந்தது.

நான்கு நாற்பத்தாறு.

அவள் தம்பியின் கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். ஊசி அக்கா ஊசி போடுவதற்கு முன்னால் என்னென்ன செய்வார் என்று கேட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். அவன் சொன்னதை அப்படியே எழுதினாள். தான் பார்த்ததையும் சேர்த்துக்கொண்டாள். வாக்கியங்கள் ரொம்பக் குட்டையாக இருந்தன. மூன்றாம் வகுப்பில் எழுதியது போல இருக்கிறதே என்று கூசினாள். திருத்த நேரமில்லை.

மேட்ரன் அறை நடைபாதையின் கடைசியில் இருந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த அட்டெண்டர், சின்னப் பிள்ளைகளுக்கு இங்கே என்ன வேலை என்று கையை நீட்டி மறித்தார். கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ பேசுவது கேட்டது.

"உள்ள இருக்கிற லெட்டரை எழுதினது நான்தான்" என்றாள் அகராதி.

அட்டெண்டர் அவளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

மேட்ரன் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். மேசைமேல் அந்தக் கடிதம். எதிரே ஊசி அக்கா, கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு நின்றார். அகராதி சொல்ல வந்ததைத் திக்கித் திணறிச் சொல்லி முடித்தாள். மெத்தனம் என்றால் நோகாமல் மெதுவாக என்று நினைத்தது வரைக்கும் சொல்லிவிட்டாள்.

மேட்ரன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இந்த லெட்டர் நல்லாப் படிச்ச பெரியவங்க எழுதினது. இவ்வளவு குத்தலா எழுத உன் வயசுல யாருக்கு வரும்? உண்மையைச் சொல்லு. இவங்கதானே உன்னை இப்படிச் சொல்லச் சொன்னாங்க?"

ஊசி அக்கா திடுக்கிட்டு நிமிர்ந்தார். அகராதி மேசைக்கு இன்னும் நெருங்கினாள். உதவி செய்ய வந்து, இருந்ததையும் கெடுத்துவிட்டோமா? கடிதத்தை ஒரு சொல் விடாமல் மனப்பாடமாக ஒப்பித்தாள். யாராவது சொல்லிக் கொடுத்திருக்கலாமே என்றார் மேட்ரன். நலம்விரும்பி என்று போட்டால் கடிதம் பெரிதாகத் தெரியும் என்று நினைத்தேன் என்றாள். மேட்ரன் உதட்டைப் பிதுக்கினார்.

ஒன்றுதான் பாக்கி இருந்தது. அதை யாருக்கும் காட்டியதில்லை. பையைத் திறந்து, நீல நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தாள்.

பெட்டியில் போடுவதற்கு முன்னால் அவள் எழுதிப் பார்த்த கடிதம் அது. பக்கம் முழுக்க அடித்தலும் திருத்தலும். மேட்ரன் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

‘பணியை மெதுவாக ஆற்றி வருகிறார்’ என்று அங்கே முதலில் எழுதியிருந்தது. ‘மெதுவாக’ மேல் ஒரு கோடு. அதற்கு மேலே, கொட்டை எழுத்தில் ‘மெத்தனமாக’.

"சரியா எழுதிட்டு, அப்புறம் எதுக்கு அடிச்சே?"

"அது ரொம்பச் சாதாரணமா இருந்துச்சு" என்றாள் அகராதி. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "எங்க வீட்ல எல்லாரும் பேசற சொல்லு மேடம்."

மேட்ரன் நோட்டை மூடி அவள் பக்கம் தள்ளினார். கையை நீட்டி, அவள் கசங்கப் பிடித்திருந்த புதுக் கடிதத்தை வாங்கிக்கொண்டார்.

‘ஊசி அக்கா ஊசி போடும் முன் கையை உரசிச் சூடாக்கிக்கொள்வார். தம்பியை ஜன்னல் கம்பிகளை எண்ணச் சொல்வார். அவன் ஏழு எண்ணுவதற்குள் ஊசி முடிந்திருக்கும். யாருக்கு எத்தனை மணிக்கு மருந்து என்று ஒரு சீட்டு வைத்திருக்கிறார். அதை அடிக்கடி எடுத்துப் பார்ப்பார். குழந்தைகள் தூங்கினால் நுனிக்காலில் நடப்பார். இன்று அவர் வரவில்லை. தம்பி ரொம்ப அழுதான். முதல் கடிதமும் நான் எழுதியதுதான். தப்பு என்னுடையது.’

மேட்ரன் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு ஊசி அக்காவைப் பார்த்து, அந்தச் சீட்டு எங்கே என்று கேட்டார். ஊசி அக்கா சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மடித்து மடித்து ஓரமெல்லாம் நைந்துபோன சீட்டு.

"நீ கொஞ்சம் வெளிய இரும்மா" என்றார் மேட்ரன்.

அகராதி அட்டெண்டர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஐந்தரை ஆனது. உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றாள். அட்டெண்டர் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள்.

கதவு திறந்தது. ஊசி அக்கா வந்தார். கண் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.

"நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாங்க" என்றார். "உன்னோட ரெண்டாவது லெட்டரையும் கூடச் சேர்த்து மேல அனுப்பப் போறாங்களாம். இதை என்கிட்டயே கொடுத்துட்டாங்க."

அவர் கையில் இருந்தது அந்த முதல் கடிதம். அகராதி அதைப் பறித்துக் கிழித்துப்போடக் கை நீட்டினாள். ஊசி அக்கா கையை உயர்த்திக்கொண்டார்.

"கிழிக்க விட மாட்டேன். எனக்குன்னு இதுவரைக்கும் யாரும் ஒரு லெட்டர் எழுதினது கிடையாது. மூணு இடத்துல மட்டும் திருத்திக் கொடு, போதும்."

அகராதி கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டாள். முதல் மெத்தனத்தை அடித்து ‘மெதுவாக’ என்று எழுதினாள். இரண்டாவதை அடித்து ‘வலிக்காமல்’ என்று எழுதினாள். கீழே நலம்விரும்பியையும் அடித்துவிட்டுத் தன் பெயரை முழுதாக எழுதினாள். அணிகலன் வரிக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினாள்.

"அக்கா, இங்க ‘கனிவு’ன்னு போடலாமா? அதுக்கு நான் நினைக்கிற அர்த்தம்தானான்னு முதல்ல சொல்லிடுங்க."

"நீ என்ன நினைச்சிருக்கே?"

"நீங்க தம்பிகிட்டப் பேசற மாதிரி."

ஊசி அக்கா அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

"அதேதான், எழுது" என்றார்.