டிக்கியில் இரண்டு ஓட்டைகள்

விக்கிரமங்கலத்தில் எல்லோருடைய காருக்கும் பின்பக்கம் மொட்டையாக முடியும். கீதாஞ்சலியின் அப்பா வேணுகோபால் ஓட்டும் வாடகைக் கார் அப்படி முடியாது. பின்சீட்டைத் தாண்டியும் ஒரு கட்டில் அளவுக்கு நீண்டுகொண்டே போகும். எஸ்டேட் கார் என்று அதற்குப் பெயர். ஊர்க்காரர்களுக்கு அது 'நீளக்கார்'.

அந்த நீள டிக்கி கீதாஞ்சலியின் ராஜ்ஜியம். படிப்பது ஆறாம் வகுப்புதான். ஆனால் கல்யாணப் பெட்டியோ கத்தரிக்காய் மூட்டையோ, அவள் அடுக்கினால் அரியலூர் போய்ச் சேரும்வரை அசையாது. சனிக்கிழமை சந்தைக்குப் போகிறவர்கள்கூட, "பாப்பா வரட்டும், அப்புறம் ஏத்தலாம்" என்று காத்திருப்பார்கள்.

அந்த வேலைக்கு அவளுக்குக் கிடைத்த சம்பளம் முன்சீட்டு. அதுவும் போன வருஷம் வரைதான்.

பிறகு எதிர்வீட்டுப் பூவரசன் தவில் கற்றுக்கொள்ள ஆரம்பித்தான். சனிக்கிழமைதோறும் அரியலூரில் வகுப்பு. அப்பாவுக்குத் தவில் என்றால் உயிர். அவனை முன்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே ஓட்டுவார்.

"இந்தத் தாளம் சரியா பூவரசா?"

"சரிதான் மாமா."

"கேட்டியா பாப்பா? சரியாம்!"

பாப்பா பின்சீட்டில் இருந்தாள். சந்தைக்குப் போகும் கொளஞ்சியம்மாள் அக்காவின் முழங்கைக்கும் ஒரு சின்ன வெங்காயப் பைக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டிருந்தாள். பூவரசன் சிரித்தால் அவளுக்கு ஒரு மடங்கு வயிறு எரிந்தது. அப்பா சிரித்தால் இரண்டு மடங்கு. போதாததற்கு, டிக்கியில் நல்ல இடத்தை அந்தத் தவில் பிடித்துக்கொண்டிருந்தது. பழைய போர்வையைச் சுற்றிக்கொண்டு, காய்ச்சல் வந்த ஆள் மாதிரி.

நீளக்கார் ஓடுவது கேஸில். ஆனால் டேங்க் சின்னது. அவர்கள் போகிற வழியில் கேஸ் போடும் பங்க் பெரம்பலூர்ப் பக்கம் ஒன்றுதான். பாதி வழியில் கேஸ் தீர்ந்துவிடும். அப்பா பெருமூச்சு விட்டுக்கொண்டே பெட்ரோலுக்கு மாற்றுவார்.

"பெரிய டேங்க் மாட்டிடலாம்" என்று ஒருநாள் முடிவு செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பெரம்பலூரில் ராஜராஜனின் பட்டறைக்குப் போனார்கள். வயது குறைவுதான் என்றாலும் ராஜராஜன் எப்போதும் தூக்கம் கெட்ட முகத்தோடு இருப்பார். தரையில் இரண்டு டேங்குகளை உருட்டி வைத்தார்.

"இது உருளை. கேஸ் ரொம்பப் பிடிக்கும். ஆனா சீட்டுக்குப் பின்னாடி டிக்கியில முக்கால்வாசியை அடைச்சிக்கும். இது வட்டம், டயர் மாதிரி. ஸ்டெப்னி வைக்கிற குழியில உக்காந்துக்கும். இதுல கொஞ்சம் கம்மியாத்தான் பிடிக்கும். ஆனாலும் உங்க பழசை விட அதிகம்."

"குழியில டேங்க் வெச்சா, ஸ்டெப்னி டயர் எங்க போவும்?" என்றார் அப்பா.

"டிக்கியிலதான் படுக்கணும்."

அப்பா தலையைச் சொறிந்தார். "டிக்கி விஷயமெல்லாம் பாப்பாவுக்குத்தான் தெரியும். அவகிட்ட கேட்டு மாட்டுங்க. நான் டீ குடிச்சிட்டு வரேன்." போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

"சொல்லு பாப்பா. டிக்கியில வழக்கமா என்ன ஏத்துவீங்க?"

கீதாஞ்சலி விரல் விட்டு எண்ணினாள். "மூட்டை. அதை மேல கேரியர்ல கட்டிக்கலாம். பெட்டி. அதையும் கட்டிக்கலாம். தண்ணி கேன். என் பை."

"வேற?"

டிக்கியின் மூலையில் அந்தப் பழைய போர்வை சுருண்டு கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"வேற ஒண்ணும் இல்லண்ணே."

"அப்ப உருளைதான்."

சாக்பீஸில் கோடு போட்டார் ராஜராஜன். கோட்டுக்கு இந்தப்பக்கம் மிஞ்சிய இடத்தை அவள் சாணால் அளந்தாள். தண்ணீர் கேன் நிற்கும். பை நிற்கும். தவில் நிற்காது. ஐஸ்கிரீம் தின்ற மாதிரி இருந்தது அவளுக்கு. டேங்கை முடுக்குவதற்காக, டிரில்லிங் மிஷின் 'கிர்ர்ர்' என்று சுற்றி டிக்கியின் தரையில் ஓர் ஓட்டை போட்டது. பிறகு இன்னொன்று.

அப்பாவின் போன் அடித்தது. பூவரசன்.

"கீதாவா? டேங்க் மாட்டியாச்சா?"

"மாட்டிக்கிட்டு இருக்காங்க. என்ன வேணும்?"

"வெள்ளிக்கிழமை வாலிகண்டபுரம் கோயில்ல நான் வாசிக்கப் போறேன்ல? முதல் தடவை. வாத்தியார், நாயனக்காரர் எல்லாரும் உங்க கார்லதான் வராங்க. தவிலை நீதான் அடுக்கணும், சொல்லிட்டேன்."

"ஏன், நீயே வெச்சிக்க மாட்டியா?"

"நான் வெச்சா உருளுது. உங்க கார் வராத அன்னிக்கு பஸ்ல கொண்டு போனேன். ஒருத்தர் தெரியாம மிதிச்சிட்டாரு, தோல் கிழிஞ்சிட்டு. வாத்தியார் விட்ட டோஸ் இருக்கே! நீ அடுக்கினா ஒரு கீறல் விழாது. அவருகிட்டயே சொல்லி வெச்சிருக்கேன், எங்க கீதா பார்த்துப்பான்னு."

கீதாஞ்சலியின் கண் சாக்பீஸ் கோட்டுக்குப் போனது.

"இன்னொண்ணு. கோவிச்சுக்காதே. வெள்ளிக்கிழமை நீ முன்னாடி உக்கார்றியா?"

"ஏன்?"

பூவரசன் குரலைத் தாழ்த்தினான். "உங்க அப்பா தாளம் தப்பு கீதா. எப்பவுமே தப்பு. சரியான்னு கேட்டா நான் என்ன சொல்றது? ஒரு வருஷமா பொய் சொல்லிக்கிட்டு இருக்கேன். நீ பாட்டுக்குப் பின்னாடி ஜாலியா வர்றே. பார்த்தா பொறாமையா இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே நின்றும்விட்டது. உள்ளே ராஜராஜன் உருளை டேங்கைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

அவள் ஓடினாள். "அண்ணே, நிறுத்துங்க! ஒண்ணை விட்டுட்டேன். தவில்."

டேங்க் தொப்பென்று தரைக்கு வந்தது. "ஓட்டை போட்டதுக்கு அப்புறமா சொல்லுவே? மறந்துட்டியா?"

'ஆமாம்' என்றால் முடிந்துவிடும்.

"மறக்கலண்ணே. வேணும்னுதான் சொல்லல."

பின்னால் யாரோ டீயை உறிஞ்சும் சத்தம் கேட்டது. டம்ளரோடு அப்பா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. அவள் காது சூடாகிவிட்டது. அப்பா மிச்ச டீயை மெதுவாகக் குடித்து முடித்தார்.

"முன்சீட்டா?" என்றார் அப்பா.

அவள் தலையாட்டினாள்.

"ம்." டம்ளரைக் கீழே வைத்தார். "சரி, இப்ப என்ன பண்றது? டிக்கி உன் பொறுப்பு. நீயே சொல்லு."

"வட்ட டேங்க் மாட்டலாம்."

"ஸ்டெப்னி டிக்கியில கிடந்தா தவிலுக்கு எங்க இடம்?"

கீதாஞ்சலி ஸ்டெப்னி டயரை உருட்டி வந்து டிக்கியில் படுக்க வைத்தாள். அதையே பார்த்தாள். நடுவில் குழி. சுற்றிலும் மெத்தை மாதிரி ரப்பர். தவிலின் வாயைச் சுற்றித் தடியான வளையம் இருப்பது நினைவுக்கு வந்தது. எத்தனை சனிக்கிழமை அதைக் கட்டிப் பிடித்துத் தூக்கியிருக்கிறாள்!

"தவிலுக்குத் தனியா இடம் வேணாம்ப்பா. டயர் மேலயே நிக்க வெச்சிடலாம். வளையம் ரப்பர்ல உக்காந்துக்கும். தோலுக்கு அடியில குழி. எதுவும் படாது."

ராஜராஜன் டயரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "உக்காரும்தான். ஆனா வளைவுல திரும்புனா சாஞ்சிடுமே. அதோட, இந்த ரெண்டு ஓட்டையை என்ன பண்றதாம்?"

ஓட்டைகள் டயருக்கு இந்தப்பக்கம் ஒன்றும் அந்தப்பக்கம் ஒன்றுமாக இருந்தன.

"ஓட்டைக்கு ஒண்ணா ரெண்டு கொக்கி மாட்டுங்கண்ணே. பெல்ட் போட்டு இழுத்துக் கட்டிடறேன்."

ராஜராஜனின் முகம் அன்று முதல் தடவையாக விழித்துக்கொண்டது. "வேணு அண்ணே, உங்க பொண்ணை இங்கயே விட்டுட்டுப் போங்க."

"தர மாட்டேன்" என்றார் அப்பா.

சாயங்காலம் வட்ட டேங்க் குழிக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. சோப்பு நுரை தடவி, கேஸ் எங்கும் கசியவில்லை என்று பார்த்துவிட்டு, ராஜராஜன் கொக்கிகளை முடுக்கினார்.

வெள்ளிக்கிழமை, பூவரசனின் தவில் டயர் மேல் ஏறி நின்றது. கீதாஞ்சலி பெல்ட்டை இழுத்துக் கட்டினாள். வாத்தியார் குனிந்து ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. "பலே" என்றார்.

பூவரசன் முந்திக்கொண்டு பின்சீட்டில் ஏறி, வாத்தியாருக்கும் நாயனக்காரருக்கும் நடுவில் நசுங்கி, நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டான். கீதாஞ்சலி முன்சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்தாள்.

அரியலூர் தாண்டியது. அப்பாவின் விரல்கள் ஸ்டியரிங்கில் தட்ட ஆரம்பித்தன.

"பாப்பா, இந்தத் தாளம் சரியா?"

பின்னால் வாத்தியார் இருமினார். கண்ணாடியில் பார்த்தால், பூவரசன் இன்னும் இறுக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

"சரிதாம்ப்பா" என்றாள் கீதாஞ்சலி.

புது டேங்க் நிறைய கேஸ் இருந்தது. வாலிகண்டபுரம் வரைக்கும் கார் எங்கேயும் நிற்கவில்லை. தாளமும் நிற்கவில்லை.