உருளைக்கு ஒரு வீடு

உருளை மறுபடியும் அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால் போய், வாயிலிருந்த பழைய சாக்ஸை வைத்துவிட்டு, மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டி வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

யாரைப் பார்த்தாலும் அந்த நாய்க்குட்டி செய்கிற வேலைதான் அது. ஆளைக் கண்டதும் உருண்டு விழுவதால்தான் அந்தப் பெயரே. முதலில் வயிற்றைத் தடவிவிட வேண்டும். பிறகு சாக்ஸின் ஒரு நுனியை அது கவ்விக்கொள்ளும், மறு நுனியை நாம் பிடித்து இழுக்க வேண்டும், கடைசியில் தோற்றுப்போனதாக நடிக்கவும் வேண்டும். ஆனால் இப்போது அங்கே ஆள் யாரும் இல்லை. வீட்டுக்காரர் தன் பழைய சாமான்களைப் போட்டு வெளியே பூட்டுத் தொங்கவிட்ட அறை அது. அவள் இங்கே வாடகைக்குக் குடிவந்த நாளிலிருந்து அது திறந்ததே இல்லை.

"அங்க யாருடா இருக்கா, போக்கிரி? இங்க வா," என்றாள். குட்டி அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதைப் பற்றி யோசிக்க அவளுக்கு நேரமும் இல்லை. பல் ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து மழையில் நனைந்து வந்தவளை வாசலிலேயே மடக்கி, வீட்டுக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார்.

"நாளைக்குக் காலையில நான் வரும்போது நாய் இருக்கக் கூடாதும்மா. இருந்துச்சுன்னா நானே கொண்டுபோய்க் காப்பகத்துல விட்டுடுவேன்."

காப்பகத்தில் குட்டிகள் ஒவ்வொன்றாக ரத்தபேதியில் செத்துக்கொண்டிருந்தன. உருளையின் கூடப்பிறந்தவை எல்லாம் அங்கேதான் போயின. இது ஒன்றை மட்டும் நாய் டாக்டர் தூக்கிவந்து, நல்ல வீடு கிடைக்கும்வரை வைத்திரு என்று அவளிடம் கொடுத்திருந்தார்.

குட்டியை வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டதற்கு அவளுடைய அக்கா கையை விரித்துவிட்டாள். தெரிந்தவர்கள் எல்லோரும் அவள் போனில் போட்ட குட்டியின் போட்டோவைப் பார்த்து உருகோ உருகென்று உருகிவிட்டு நழுவினார்கள். கடைசியில் போட்டோவுக்குக் கீழே அவள் எழுதிப் போட்டாள்: யாராக இருந்தாலும் பரவாயில்லை, அன்பாக வைத்துக்கொண்டால் போதும். எழுதும்போதே அழுகை வந்தது.

போட்ட கையோடு போன் அடித்தது. திரையில் நம்பர் எதுவும் தெரியவில்லை.

"குட்டிய நான் எடுத்துக்கறேன்." ஆணா பெண்ணா என்று பிடிபடாத, சளி கட்டிய குரல்.

"இன்னைக்கேவா?"

"இப்பவே."

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. ஆனாலும் வீட்டைப் பார்க்காமல் எந்தக் குட்டியையும் அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க. வீடியோல வீட்டைக் கொஞ்சம் காட்டறீங்களா?"

"அதுக்கென்ன, பாருங்க."

திரை முதலில் கறுப்பாக இருந்தது. வெகுநாள் மூடிக்கிடந்த துணிமூட்டையின் நெடி எங்கிருந்தோ வந்தது; ஜன்னல் தகரத்தில் மழை சொட்டும் சத்தம் போனிலும் கேட்டது, வீட்டிலும் கேட்டது, இரண்டும் ஒரே தாளத்தில் விழுவதை அவள் கவனித்தும் கவனிக்காதவள் போல இருந்தாள், ஏனென்றால் வீடு கிடைத்துவிட்டது, எப்படியோ ஒரு வீடு கிடைத்துவிட்டது. பிறகு மங்கலாக ஒரு சமையலறை தெரிந்தது. அடுப்பு, பால் கிண்ணம், மூலையில் விரித்து வைத்த ஈரக் குடை.

"பிடிச்சிருக்கா?"

"நல்லா இருக்குங்க."

"அப்ப குட்டி எனக்குத்தானே?"

"உங்களுக்குத்தான்."

அதன் பிறகுதான் குடையைச் சரியாகப் பார்த்தாள். உடைந்த கைப்பிடியில் நீல டேப். அவளே சுற்றியது.

படம் நகர்ந்தது. கூடம். நாற்காலி. அதில் முதுகு காட்டி ஒருத்தி. ஈரத்தலை. கையில் போன்.

அவள் திரும்பவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உருளை எழுந்தது. சாக்ஸைக் கவ்வியது. அவளைத் தாண்டி, அவள் முதுகுப்பக்கம் ஓடியது. பொத்தென்று உருண்டு விழும் சத்தம்.

"வாடா தங்கம். வந்துரு." திரும்பாமலே குட்டியைக் கூப்பிட்டாள்.

திரையில் குட்டி தரையைவிட்டு மெல்ல மேலே எழுந்தது. வயிறு மேலே. வால் ஆடிக்கொண்டே. படம் பூட்டிய கதவை நெருங்கியது. பூட்டு பெரிதாகிக்கொண்டே வந்தது. இருட்டு.

போனைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். கூடத்தில் யாரும் இல்லை. குட்டியும் இல்லை.

கதவில் போய் மோதினாள். பூட்டைப் பிடித்து உலுக்கினாள். "கொடுக்க மாட்டேன்! நானே வெச்சுக்கறேன்! வேற வீடு பாத்துப் போயிடறோம், ரெண்டு பேரும் போயிடறோம், கொடுத்துருங்க!"

உள்ளே, மரத்தில் வால் அடிபட்டது. டக். டக். டக்.

கதவின் அடியிடுக்கில் ஏதோ அசைந்தது. சாக்ஸின் நுனி. இழு என்பதுபோல வெளியே நீண்டது.

தரையில் விழுந்து அதைப் பிடித்தாள். இழுத்தாள். உள்ளே இறுகியது. அழுதுகொண்டே இன்னும் இழுத்தாள்.

மறுமுனை இளகியது. தோற்றுப்போனதாக நடிப்பதுபோல, கொஞ்சம் கொஞ்சமாக, விட்டுக்கொடுத்து வெளியே வந்தது.

அதைப் பிடித்திருந்த விரல்களும் வந்தன.

உள்ளே வால் அடித்துக்கொண்டே இருந்தது.