தென்பாறையில் ஏறிய கொரின்னா

1871 ஜூலை. வெள்ளிக்கிழமை காலை.

போர்ட் கார்விக் தேவாலயத்தில் பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு ஏழு உடல்களைக் கிடத்தியிருந்தார்கள். கடல் கொந்தளித்த முந்தின நாள் பிற்பகல் எங்கள் துறைமுக வாயில் உடைந்துபோன 'கொரின்னா' கப்பலில் வந்தவர்கள். இன்னும் இரண்டு பேரைக் கடல் திருப்பித் தரவில்லை.

சார்ஜண்ட் அம்ப்ரோஸ் டல்லி தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார். ஆறு உடல்கள் மேல் பழைய பாய்த்துணி. ஏழாவதன் மேல் மட்டும் ஓரத்தில் பூவேலை செய்த வெள்ளை மேசைவிரிப்பு. துணி பறக்காமல் கொடியில் மாட்டுவார்களே, அந்த மரக்கவ்வி ஒன்று அதன் மூலையை இன்னும் கடித்துக்கொண்டிருந்தது.

விரிப்புக்குக் கீழே ஈனாக் பாஸ்கோ. வரும் கப்பல்களில் ஏறி, அவற்றைத் துறைமுகத்துக்குள் பத்திரமாகக் கூட்டிவருகிற வழிகாட்டி. பக்கத்தில் தரையில் அவர் மனைவி லவ்டே உட்கார்ந்திருந்தாள்.

"கறி வெந்துக்கிட்டு இருந்துச்சு சார்ஜண்ட்," என்றாள். "இறக்கி வைக்காமலே ஓடி வந்துட்டேன். பாத்திரம் தீஞ்சு போயிருக்கும்."

"நான் போய்ப் பாக்கறேம்மா," என்றார் டல்லி. அந்தப் பாத்திரத்திலிருந்து அவரும் பல ஞாயிற்றுக்கிழமைகள் சாப்பிட்டவர்தான்.

வெளியே கூச்சல் கேட்டது. காவல் அறை ஜன்னலில் யாரோ கல்லெறிந்தார்கள். யாரோ என்ன, பிரிஜெட் ஹான்லன்தான். கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலைக்குப் போன அவளுடைய ஒரே மகன் கான், அந்த ஆறு பேரில் ஒருவன்.

"அவனை வெளியே விடுங்கய்யா! என் கையாலயே கொல்றேன்! பாவி, ஒன்பது உசுரைக் குடிச்சுட்டானே!"

உள்ளே இருந்தவர் டங்கன் கில்லீஸ். கடற்கரைக் குறியைப் பார்த்துக்கொள்ளும் ஆள்.

குறி என்றால் இரண்டு. மலை உச்சியில் வெள்ளை முக்கோணம் ஒன்று, கீழே மணலில் வெள்ளைப் பலகை ஒன்று. கடலிலிருந்து வருகிறவனுக்கு ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டும் நேராகத் தெரிந்தால், அவன் ஆழத்தில் இருக்கிறான் என்று அர்த்தம். விலகித் தெரிந்தால் ஜெபத்தை ஆரம்பிக்கலாம். மணல் இடம் மாறும்போதெல்லாம் கீழ்ப்பலகையையும் மாற்றி வைக்கவேண்டும். போன வாரம்தான் அதைக் கொஞ்சம் தெற்கே தள்ளியிருந்தார்கள்.

துறைமுக அதிகாரி ராக்ஸல் தேவாலய வாசலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"சுக்கான் பிடிச்சவன் பிழைச்சிருக்கான். ரெண்டு குறியும் நேராத்தான் இருந்துச்சுன்னு சத்தியம் பண்றான். ஆனா கப்பல் பாறைல ஏறியிருக்கு. அப்போ பலகை தப்பான இடத்துல இருந்திருக்கு. கப்பல் உடைஞ்சதும் கில்லீஸ் அதைச் சரியான இடத்துக்கு இழுத்து வெச்சுட்டான். இதுல துப்பறிய என்னய்யா இருக்கு?"

"கில்லீஸ் என்ன சொல்றார்?"

"வாயே திறக்கல. தப்பு செஞ்சவன் வேற என்ன பண்ணுவான்?"

"அவன் ஓடினதை நான் பாத்தேன்!" என்றாள் பிரிஜெட். "கப்பல் வர்றதைப் பாக்க மேட்டுல நின்னுக்கிட்டிருந்தேன். கப்பல் தடுமாறுது, இவன் கடலுக்கு முதுகைக் காட்டிட்டு மலைப்பக்கம் ஓடறான்!"

"கப்பல் மோதறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"முன்னாடிதான். ஏன், அதுல என்ன?"

திங்கட்கிழமை சிட்னியிலிருந்து நீதிபதி வருகிறார். அதற்குள் வேறு பதில் கிடைக்காவிட்டால் கில்லீஸ் விலங்கோடு கல்லுடைக்கப் போவார். அறுபது வயது ஆளுக்கு அது மரணம்தான், கொஞ்சம் தாமதமாக வரும்.

டல்லிக்கும் கில்லீஸுக்கும் ஒரு பொருத்தம். இரண்டு பேருக்கும் விரிப்புப் போட ஆளில்லை என்று ஊரே கேலி செய்யும். தூரத்தில் கப்பல் தெரிந்து, கொடிமேட்டுக் கம்பத்தில் அதன் அடையாளக் கொடி ஏறியதும், தன் ஆள் அதில் வருகிற வீட்டுக்காரி மேசைவிரிப்பை எடுத்து வாசல் கொடியில் போடுவாள். சாப்பாடு தயார், நேரே வீட்டுக்கு வா, சாராயக்கடைப் பக்கம் போகாதே என்பது அதன் அர்த்தம். இந்த இரண்டு பேரும் யாருக்கும் பயப்படாமல் சாராயக்கடைக்கே போவார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம்.

டல்லி கீழ்ப்பலகையைப் போய்ப் பார்த்தார். பலகை நிற்கும் சறுக்குக்கட்டையை இழுக்க ஒரு ஜோடி எருது வேண்டும். நேற்று ஊரிலிருந்த எருதுகள் எல்லாம் நிலக்கரிக் கிடங்கில் இருந்தன. கட்டையைச் சுற்றி அடுக்கிய கற்களின் இடுக்கில் காற்று நிரப்பிய மணல், போன வாரத்திலிருந்து யார் கையும் படாமல் உப்புப் பூத்து இறுகியிருந்தது. பலகைக்குக் கால் முளைக்கவில்லை என்பது நிச்சயம்.

பிறகு கடலைப் பார்த்து நின்றார். வடக்கே மணல்திட்டில் பழைய கப்பல்களின் எலும்புகள் நீட்டிக்கொண்டிருந்தன. கைதிகளை ஏற்றிவந்த காலத்துக் கப்பலின் விலா, அதன் மேல் 'ஹெலன் மோர்', அதன் மேல் 'சிக்னெட்'. எங்கள் துறைமுக வாய் அத்தனை கப்பல்களைத் தின்றிருக்கிறது, எல்லாவற்றையும் வடக்கே கொண்டுபோய்த்தான் துப்பியிருக்கிறது. புயலில் நீரோட்டம் அந்தப் பக்கம்தான் தள்ளும். கொரின்னா மட்டும் தன்னந்தனியாகத் தெற்குப் பாறையில் கிடந்தது.

நீரோட்டத்தை எதிர்த்து ஒரு கப்பல் தானாக அங்கே போகாது. யாரோ கவனமாக ஓட்டிக்கொண்டுதான் போயிருக்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை.

சுக்கான் பிடித்த ஆண்டர்ஸ், நார்வேக்காரன். இந்தத் துறைமுகத்துக்கு முதல் தடவை வருகிறான். கையில் கட்டு, கண்ணில் தூக்கமில்லை.

"குறி நேரா இருந்துச்சா?"

"இருந்துச்சு ஐயா. மேல முக்கோணம், கீழ வெள்ளையா சதுரம். கேப்டனும் பாத்தாரு. பலகையைத் தெற்கே தள்ளிட்டாங்கன்னு சிட்னியில சொன்னாங்க, அதான் இடம் மாறித் தெரியுது, அப்படியே பிடின்னாரு."

"கரையில நுரை?"

"ஒரே நுரை. மணலே தெரியல."

"மணல் தெரியல, ஆனா மணல்ல நிக்கிற பலகை தெரிஞ்சுதா?"

ஆண்டர்ஸ் விழித்தான். "தெரிஞ்சுது ஐயா. நடுங்கின மாதிரி தெரிஞ்சுது. சாரல் வழியா பாக்கறதால அப்படின்னு நெனச்சேன்."

"பாஸ்கோ எங்கே? வழிகாட்டியைக் கப்பல்ல வெச்சுக்கிட்டா பாறைல ஏத்தினீங்க?"

"அவருக்குக் கடுமையான காய்ச்சல். கீழே படுத்திருந்தாரு."

இது ஊருக்குத் தெரிந்த கதைதான். போன வாரம் பாஸ்கோ ஒரு கப்பலை வெளியே கொண்டுபோய் விட்டபோது, அலை மிரட்டியதால் தன் படகுக்கு இறங்க முடியவில்லை. அந்தக் கப்பலிலேயே சிட்னி வரை போய், அங்கே காய்ச்சலில் படுத்து, கொரின்னாவில் பயணியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். வருகிறேன் என்று லவ்டேக்குத் தந்தியும் கொடுத்திருந்தார்.

"கடைசியில மேல வந்தாரு," என்றான் ஆண்டர்ஸ். "கதவைப் பிடிச்சுக்கிட்டு கரையைப் பாத்தாரு. சிரிச்சாரு ஐயா. சின்னப் பையன் மாதிரி சிரிச்சாரு. அப்புறம் அண்ணாந்து முக்கோணத்தைப் பாத்தாரு. அவர் முகத்துல ரத்தமே இல்ல. பாய்ஞ்சு வந்து என் சக்கரத்தைப் பிடிச்சுத் திருப்பினாரு. காய்ச்சல்ல பிதற்றறார்னு நான் அவரைத் தள்ளி விட்டுட்டேன். தள்ளி விட்ட கை இது ஐயா." அவன் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதான்.

சனிக்கிழமை.

கடல் அடங்கியதும் டல்லி ஆண்டர்ஸைப் படகில் ஏற்றிக்கொண்டு, கொரின்னா வந்த வழியில் போனார். பாறைக்குச் சற்று வெளியே துடுப்புகளை நிறுத்தச் சொல்லித் திரும்பிப் பார்த்தார்.

கீழ்ப்பலகை வலது கைப் பக்கம் எங்கேயோ ஒதுங்கி நின்றது. அலை ஒன்று உடைந்தால் அதுவும் மறைந்தது. முக்கோணத்துக்கு நேர் கீழே, மலைச்சரிவில் ஒரு புது வீடு. வாசலில் இரண்டு கம்பங்கள், நடுவே வெறும் கொடிக்கயிறு.

"இது யார் வீடு ஐயா?" என்று கேட்டான் ஆண்டர்ஸ்.

டல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருபது நாளுக்கு முன் அந்த வீட்டுக்குச் சாமான் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். அதுவரை பாஸ்கோவும் லவ்டேயும் மலைக்கு அந்தப் பக்கம் குடியிருந்தார்கள். படகுக்காரர்கள் அவரையே பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பெரிய மனிதர் சத்தமில்லாமல் அழுதார்.

அன்று மாலை காவல் அறையில் கில்லீஸுக்கு எதிரே போய் உட்கார்ந்தார்.

"நீ ஓடினது தப்பிக்க இல்ல. விரிப்பைப் பிடுங்க ஓடின."

கில்லீஸ் தலை நிமிர்ந்தார். "எந்த விரிப்பு?"

"என்கிட்ட நடிக்காதடா. கப்பல் தெற்கே வருதேன்னு திரும்பி மலையைப் பாத்த. முக்கோணத்துக்குக் கீழ அவ விரிப்பு ஆடிக்கிட்டிருந்துச்சு. பாதி மலை ஏறறதுக்குள்ள மோதிருச்சு."



"விட்டுருடா அம்ப்ரோஸ்," என்றார் கில்லீஸ். "நான் கல்லு உடைக்கிறேன். எனக்கு யாரு இருக்கா? புருஷனைப் பறிகொடுத்தவ. அவனை நீதான் கொன்னேன்னு அவகிட்ட எந்த வாயால சொல்லுவ?"

"இந்தக் குளிர்காலம் தாண்ட மாட்டடா நீ."

"அப்போ குறைச்ச நாள்தான். விடு."

ஞாயிற்றுக்கிழமை, அடக்கம் முடிந்த பிறகு.

டல்லி லவ்டேயின் வீட்டு வாசலில் நின்றார். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே போனவர், கேட்டுவிட்டார். சட்டம் படித்த நாக்கு.

"வியாழக்கிழமை விரிப்பு எப்போம்மா போட்ட?"

"கொடி ஏறினதுமே. கல்யாண விரிப்பை எடுத்துப் போட்டேன். கப்பல் மோதின சத்தம் கேட்டு அதையே பிடுங்கிக்கிட்டு ஓடினேன், நனைஞ்சு வருவாரே, போத்தலாம்னு. ஏன் கேக்கறீங்க?"

டல்லியின் கண் வாசல் கொடிக்கயிற்றுக்குப் போனது. லவ்டே அவரைப் பார்த்தாள். கொடிக்கயிற்றைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி, வீட்டுக்குப் பின்னால் மலை உச்சியில் நின்ற முக்கோணத்தைப் பார்த்தாள். எங்கள் ஊர்ப் பெண்களில் யாரும் கடலில் நின்று தங்கள் வீட்டைப் பார்த்ததில்லை. பார்க்க என்ன தேவை இருந்தது?

"சார்ஜண்ட்," என்றாள். "கடல்ல இருந்து பாத்தா எங்க வீடு எங்க தெரியும்?"

டல்லி தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை.

விசாரணை பள்ளிக்கூடத்தில் நடந்தது. ஊரே நெருக்கியடித்து நின்றது. ராக்ஸல் தன் வழக்கைச் சொல்லி முடித்தார். டல்லி எழுந்தார்.

"பலகை நகரல. கல்லும் மணலும் சாட்சி, எருது வெச்சிருக்கறவங்க சாட்சி. கப்பலை நீரோட்டமும் தள்ளல, தள்ளியிருந்தா வடக்கே பழைய கப்பல்களோட கிடந்திருக்கும். கேப்டன் வேற ஒரு வெள்ளையைக் கீழ்க்குறின்னு நம்பினார். பலகை நுரையில மறைஞ்சிருந்துச்சு. அவர் பாத்த வெள்ளை நடுங்கிச்சு. மரம் நடுங்காது, துணிதான் நடுங்கும். நம்ம எல்லாரும் கரையிலிருந்து அதை தினம் பாக்கறோம். அதனாலயே யாரும் அதைப் பாக்கல. பாஸ்கோ ஒருத்தர்தான் கடல்லயிருந்து பாத்து அடையாளம் கண்டுக்கிட்டார். முதல்ல சந்தோஷப்பட்டார். அப்புறம் புரிஞ்சுது."

"எந்தத் துணி? யார் போட்டது?" என்றார் நீதிபதி.

டல்லி கையிலிருந்த தொப்பியைப் பார்த்தார். குற்றவாளிக் கூண்டிலிருந்து கில்லீஸ், "நான்தான் ஐயா, பலகையை நான்தான் தப்பா வெச்சேன்!" என்று கத்தினார்.

"உக்காருங்க கில்லீஸ்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கூட்டம் விலகியது. லவ்டே கறுப்பு உடையில் நடந்து வந்தாள். "நான் போட்டது ஐயா. என் புருஷன் வர்றார்னு நான் போட்ட விரிப்பு."



"தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்று கில்லீஸைக் கேட்டாள். "என் பாரத்தையும் நீங்களே தூக்கிட்டுப் போயிட்டா, நான் அவருக்கு என்னதான் செய்யறது?"

கில்லீஸ் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். நீதிபதி வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, யார் மேலும் குற்றமில்லை, இது விபத்து என்று எழுதினார். கில்லீஸை அவிழ்த்துவிட்டார்கள். நீதிபதி எழுதினால் ஊர் ஏற்றுக்கொண்டுவிடுமா? ஒவ்வொருவராக எழுந்து, அவளைப் பார்க்காமல், சுவரோரமாக வெளியே போனார்கள். செத்துப்போன கேப்டனின் தம்பி போனான். ஆண்டர்ஸ்கூட தலையைக் குனிந்துகொண்டு போனான். லவ்டே அசையாமல் நின்றாள்.

பிரிஜெட் ஹான்லன் மட்டும் போகவில்லை. நேரே அவள் முன்னால் வந்து நின்றாள். கை ஓங்கப்போகிறாள் என்று நினைத்து டல்லி ஓரடி முன்னே வைத்தார்.

"அன்னிக்கு என் கொடியிலயும் வெள்ளை விரிப்பு கிடந்துச்சுடி," என்றாள் பிரிஜெட். "கானுக்காக. என் வீடு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கு. அவ்வளவுதான்."