அவன் முகத்துக்கு இருபத்துநான்கு

திங்கட்கிழமை காலை ஆய்வகத்தில் வெளிச்ச மீட்டர் இருபத்தொன்று காட்டியது. அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தாள். இருபத்தொன்றேதான்.

மூன்று வருடமாக அந்த இடத்தில் இருபத்துநான்குதான் வரும். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் எரிவது கட்டைவிரல் பருமனுள்ள ஒரு ஹாலோஜன் விளக்கு. இத்தனை கரண்ட் கொடுத்தால் இத்தனை வெளிச்சம் என்று சான்றிதழோடு வந்தது. மற்ற ஆய்வகங்கள் தங்கள் விளக்குகளை இதோடு ஒப்பிட்டுத்தான் சரிபார்த்துக்கொள்ளும். அதனால் இதன் வெளிச்சம் நேராக மட்டுமே சென்சாரில் விழ வேண்டும், எதிலாவது பட்டுத் தெறித்து வரக் கூடாது. அறையில் சுவர், கூரை, நாற்காலி, திருகாணி எல்லாவற்றுக்கும் பளபளப்பில்லாத கறுப்பு அடித்திருந்தார்கள். விளக்குக்கும் சென்சாருக்கும் நடுவே ஒரு கறுப்புத் தட்டைப் பிடித்தால் நேர் வெளிச்சம் மறைந்துவிடும். அப்போதும் மீட்டரில் ஏதாவது மிஞ்சினால் அது தெறித்து வந்த வெளிச்சம்.

தட்டைப் பிடிக்கும் ஸ்டாண்டு உடைந்து மூன்று வருடம் ஆகிறது. புதியதற்கான கோப்பு மேலே போனது, போனதுதான். அதுவரை அங்கேயே வேலை பார்க்கும் அவள் கணவன்தான் ஸ்டாண்டு. கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து தட்டைப் பிடிப்பான். அவன் முகமும் இரண்டு கைகளும் திருப்பியனுப்பும் வெளிச்சம்தான் அந்த இருபத்துநான்கு. கடைசியில் அதைக் கழித்துவிடுவார்கள்.

“உங்க அழகுக்கு இருபத்துநாலு மார்க்கு. பாஸ்கூட இல்ல” என்று அவள் இன்டர்காமில் சீண்டுவாள்.

“பேப்பர் திருத்துறவங்க சரியில்ல” என்பான் அவன்.

அன்று அவள் இருபத்தொன்று என்று எழுதினாள்.

வெள்ளிக்கிழமை பதினெட்டு. ஆய்வகத் தலைவர் வந்து பார்த்துவிட்டுக் கைகளைத் தேய்த்துக்கொண்டார். புள்ளிக்குப் பின்னால் நான்கு இலக்கம் இல்லாமல் நேரம்கூடச் சொல்லாத மனிதர். அவருக்குத் தசமம் என்று பெயர்.

“அறை செட்டாயிட்டு வருதும்மா. ஒண்ணுக்குக் கீழ கொண்டுவந்துட்டோம்னா நமக்கு மேல் தரச் சான்று. உன் வீட்டுக்காரர் கோட்டை இன்னும் கொஞ்சம் ஏத்திப் போட்டுக்கச் சொல்லு.”

அவன் கோட்டை ஏற்றிப் போடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதன் மேல் பொத்தானைப் போட்டுவிட்டதே அவள்தான்.

விளக்கைச் சந்தேகப்பட்டு வேறு விளக்கை மாட்டினாள். அதிலும் பதினெட்டு. சென்சாரைச் சந்தேகப்பட்டு, அவன் உட்காரும் நாற்காலியில் வெள்ளைப் பீங்கான் ஓடு ஒன்றை நிற்க வைத்துப் பார்த்தாள். போன வருடம் அதே ஓட்டுக்கு வந்த எண், கடைசி இலக்கம் வரை மாறாமல் அப்படியே வந்தது. எல்லாம் சரியாக இருந்தது.

அன்று முதல் வீட்டில் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சவரம் செய்யும்போது, “கண்ணாடிகிட்ட லைட்டு பத்தலம்மா” என்று பல்பை மாற்றினான். மறுவாரம் அதைவிடப் பெரியதாக மாற்றினான். மூன்றாவது பல்பு போட்டபோது குளியலறைச் சுவர் கண்ணைக் கூசவைத்தது, சோப்பு நுரை மின்னியது, குழாயின் வளைவில் பல்பின் உருவம் குட்டியாகத் தெரிந்தது. ஆனால் நுரைக்கு மேலே அவன் நெற்றியில் மட்டும் விளக்கு வைக்கும் நேரத்து மங்கல் அப்படியே உட்கார்ந்திருந்தது. அது நிறம் மாறியதல்ல. கறுத்த தோலும் வெயிலில் மினுங்கும், கறுப்பு நாயின் முதுகுகூட மினுங்கும். இதில் அந்த மினுக்கம் இல்லை. தாடையில் பிளேடு பட்டு ரத்தம் வந்தது. துண்டில் அது சிவப்பாக இருந்தது. தாடையில் அதற்கு நிறமே இல்லை.

“வலிக்குதாங்க?”

“இதுக்கெல்லாமா? நல்லாத்தான் இருக்கேன்.”

நன்றாகத்தான் இருந்தான். சாப்பிட்டான், தூங்கினான், மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினான். டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் அவன் கண்ணில் டார்ச் அடித்தார், முகத்தைச் சுளித்தார், டார்ச்சைத் தட்டினார், பேட்டரியை மாற்றினார். பிறகு சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

விளக்குதான் அவனைத் தின்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. ஆயிரம் வாட், தினமும், அரை கஜத்தில். காய்ச்சல் என்று பொய் சொல்லி அவனைப் பத்து நாள் வீட்டில் வைத்தாள். தானே உள்ளே போய்த் தட்டைப் பிடித்தாள். தசமம் வெளியே இருந்து படித்தார். அவளுக்கு இருபத்திரண்டு. பத்து நாளும் இருபத்திரண்டு. விளக்கு அவளை ஒன்றும் செய்யவில்லை.

பதினோராம் நாள் அவன் உள்ளே போனான். ஆறு.

விளக்கு அவனை ஒன்றும் செய்திருக்கவில்லை. அது அளந்து சொல்லிக்கொண்டு மட்டும் இருந்தது. அப்படியென்றால் நிறுத்துவதற்கு ஒன்றுமே இல்லை. அவனை எதிலிருந்து விலக்கி வைப்பது, யார் காலில் விழுவது? கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவனும் எண்ண ஆரம்பித்துவிடுவான் என்று பயந்தாள்.

அவனுக்கும் ஏதோ புரியத்தான் செய்தது. லிப்டில் ஆட்கள் அவன்மேல் இடித்துவிட்டுத் திடுக்கிட்டார்கள். கேன்டீனில் பரிமாறுகிறவர் அவனைத் தாண்டிப் போனார். “நான் என்ன தூணா?” என்று சிரித்தான். சிரித்தபோது பல் தெரியவில்லை.

அப்புறம் நான்கு. இரண்டு. ஒன்று.

அன்று மதியம் தசமம் அவள் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே பட்டப்பகல், வண்டிகளின் இரைச்சல். விளக்கு சூடேற இருபது நிமிடம். மின்வழங்கி ஒரே சீராக முனகியது. கதவிடுக்கு வழியாகச் சுட்ட தூசியின் வாசனை வந்தது.

இன்டர்காமில் அவன் குரல். “தட்டு புடிச்சாச்சு.”

எண்கள் இறங்கின. தயங்கின. நின்றன.

பூஜ்யம். புள்ளி. பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம்.

“அடடா!” தசமம் எழுந்தே விட்டார். “நாலு எலக்கத்துக்கும் சுத்தம்! எழுதும்மா, எழுது!” போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார்.

அவள் எழுதவில்லை. பொத்தானை அழுத்தினாள். “என்னங்க.”

“சொல்லு.”

“வெளிய வாங்க.”

“விளக்கு எரியுதே. அணைக்கலையா?”

“எரியட்டும். வாங்க.”

நாற்காலி நகர்ந்தது. செருப்புச் சத்தம். நான்கு அடி. ஐந்து. கதவு திறந்தது. சூடு முகத்தில் அடித்தது. உள்ளே விளக்கு வெள்ளையாக எரிந்தது. இங்கே தலைக்கு மேலே இரண்டு டியூப்லைட்.

முதலில் கோட்டு வந்தது. கறுப்புக் கோட்டுதான். மடிப்பு தெரிந்தது. தோளில் ஒட்டிய நூல் தெரிந்தது. அவள் போட்டுவிட்ட பொத்தான் பளிச்சிட்டது.

காலருக்கு மேலே ஒன்றும் இல்லை. இல்லை என்றும் சொல்ல முடியாது, பின்னால் இருந்த கதவை அது மறைத்தது. தலையின் வடிவம். காதின் வடிவம். நடுவில் மூக்கில்லை, கண்ணில்லை, மேடில்லை, பள்ளமில்லை. அத்தனை வெளிச்சமும் அதற்குள் போனது. ஒரு துளியும் திரும்பவில்லை.

அது அவள் பக்கம் திரும்பியது. திரும்பியதா? காதின் வடிவம் நகர்ந்ததால்தான் தெரிந்தது.

“ஏன் அழுவுற?” அவன் குரல். அதே குரல். “எவ்ளோ வந்துச்சு?”

அவள் மீட்டரை மறைத்துக்கொண்டு நின்றாள்.

“எங்கிட்ட மறைக்காத. எவ்ளோனு சொல்லும்மா.”

கோட்டின் கை நீண்டது. அதன் முனையில் ஐந்து விரல் அளவுக்கு இருட்டு. அவள் பின்வாங்கவில்லை. தன் கையை நீட்டினாள். கதகதப்பாக இருந்தது, வழக்கம்போலக் கொஞ்சம் வியர்த்திருந்தது. அந்தக் கை அவள் கையை மெல்ல மூடிக்கொண்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் விரல்கள் ஒவ்வொன்றாக அந்த இருட்டுக்குள் போயின.