பின்சக்கரம் மட்டும்

மருந்துக்கடைக்காரர் வந்தபோது அத்தை முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் ஓய்வு கிடைக்காத மனுஷி. கூடவே இருந்த மாப்பிள்ளைக்கோ, வழக்கு என்றால் கால் தரையில் நிற்காது.

"என் தங்கச்சி வீடு வீடா மருந்து கொண்டுபோற சைக்கிள்மா. நேத்து காலைல பாத்தா பின்சக்கரத்தைக் காணோம். பூட்டின பின்கட்டு. ஒரு சாவி எங்க வீட்ல, இன்னொண்ணு வாட்ச்மேன்கிட்ட. அவரை இன்னைக்கே வேலையை விட்டு அனுப்பிடப் போறேன்."

"கொஞ்சம் பொறுங்க," என்று அத்தை பெருமூச்சோடு எழுந்தார்.

பின்கட்டில் சைக்கிள் தலைகீழாக நின்றது. சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் அடியில் மடித்த சாக்கு. செயின் தரையில் படாமல் நூலால் கட்டப்பட்டிருந்தது. சுவரில் ஒரு பழைய முன்சக்கரம் தொங்கியது.

"வாட்ச்மேன் பெட்டியில ஸ்பேனர் இருக்கு அத்தை. கேஸ் முடிஞ்சுது," என்றான் மாப்பிள்ளை.

"இருக்கட்டும். வண்டியில இருக்கிற முன்சக்கரத்தைக் கழட்டுங்க மாப்பிள்ளை."

அச்சிலிருந்த சின்ன லீவரைக் கையாலேயே திறந்து, மறுபக்கத் திருகைக் கொஞ்சம் தளர்த்தினான். ஸ்பேனரே இல்லாமல் சக்கரம் கையோடு வந்துவிட்டது. அவன் முகம் மாறியது.

அத்தை எல்லோரையும் கூப்பிட்டார். வாட்ச்மேன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தங்கை சுவரில் சாய்ந்து நின்றாள்.

"திருடன்னா சுலபமா வர்றதைத்தான் எடுப்பான். இங்க அதை விட்டுட்டு, ரெண்டு பக்கமும் நட்டைத் தளர்த்தி, செயினை விலக்கி, பின்சக்கரத்தை எடுத்திருக்காங்க. ஏன்? முன்சக்கரம் போனா, சுவர்ல இருக்கிறதை மாட்டி வண்டியை உடனே அனுப்பிடுவீங்க. பின்சக்கரம் போனா வண்டி நகராது. சீட்டு கீறாம சாக்கு வேற போட்டிருக்கு. திருடனுக்கு ஏன் அந்தக் கரிசனம்? நாளைக்கும் இதையே ஓட்டப்போற ஆளோட வேலை இது."

தங்கை சுவரை விட்டு நிமிர்ந்தாள்.

"என் கட்டிலுக்கு அடியில இருக்கு," என்றாள் தங்கை. "ஒரு நாள் தூங்கணும்னு இருந்துச்சு. பழி இவர் தலையில விழும்னு நினைக்கல. மன்னிச்சிடுங்க அண்ணாச்சி."

வாட்ச்மேன் தலையை மட்டும் அசைத்தார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றார் கடைக்காரர்.

"எத்தனையோ தடவை சொன்னேண்ணே. அப்புறம் பாக்கலாம்னு சொன்னே."

மாப்பிள்ளை அத்தையைப் பார்த்தான். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் வாட்ச்மேனின் தோளைத் தொட்டார். பிறகு மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "போய்ப் படு," என்று தங்கையிடம் சொல்லிவிட்டு நடந்தே கிளம்பினார்.